கடல் வரும் என்று யாரும் சொல்லவில்லை

முதலில் மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து, மழையில் மாட்டிய எறும்பு வரிசை மாதிரி ஒரு பக்கமாகவே ஓடும். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது எனக்கு இன்றுவரை குலுக்கல் சீட்டுதான். இருபத்திரண்டு வருஷமாக நான் எழுதிவருவது எங்கள் காலனிக் கரும்பலகையில் ஒரே ஒரு வரி: “இன்று தண்ணீர் வரும் நேரம்.” அதிலேயே பிழை இருப்பதாக மூன்றாவது தெரு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதிய பிறகு திருத்தித் தருவதாக என் மகள் பெனிட்டா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் திருத்தினால் அவள் மாமனாரைக் காப்பாற்றிவிடுவாள்.

அவரைக் காப்பாற்றுவதற்காக நான் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்கு ஞானஸ்நானம். ஆவடியில் ஒரு மண்டபம் பிடித்து பிரியாணி போட்டோம். நூற்றைம்பது பேர் கையில் லெக் பீஸோடு உட்கார்ந்திருக்கும்போது, என் சம்பந்தி சூசைநாதன் மைக்கை வாங்கினார். பின்னால் பெரிய திரையில் அந்த வீடியோவைப் போடச் சொன்னார். மூன்று வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்த மானம், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் கலராக ஓடியது. போதாததற்கு அவர் சொன்ன கதையில் நான் அழுதேனாம், ஜெபமாலையைத் தேடினேனாம், மைத்துனன் முதுகில் ஏறிக்கொண்டேனாம். எல்லாம் பொய். (மூன்றாவது உண்மை. ஆனால் இரண்டு நிமிஷம்தான்.)

நடந்ததை நானே சொல்கிறேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அங்கே தெருத் தெருவாகக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. ஆளுயர இரும்புச் சாவி ஒன்று எப்போதும் என் தோளில் இருக்கும். குனிந்து திருகினால் தண்ணீர் வரும். திருப்பித் திருகினால் நிற்கும். எனக்குத் தெரியாமல் இந்தக் காலனியில் ஒரு வாளித் தண்ணீர் ஏறியது கிடையாது. ஏரியும் அப்படித்தான். மழை பெய்தால் ஏறும், கோடையில் இறங்கும், அதற்கும் மாதக் கணக்கில் நமக்கு நேரம் கொடுக்கும். காலையில் ஒரு இடத்தில் இருந்துவிட்டு மத்தியானம் வேறு இடத்துக்குப் போகும் தண்ணீரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மெரினாவுக்குப் போயிருக்கிறேன். சுண்டல் தின்று முடிக்கும்வரை கடல் அங்கேயேதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் பேசமாட்டேன். திமிர் இல்லை, கூச்சம். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் நான் என் சட்டைப் பொத்தானைப் பார்ப்பேன். பெண் பார்க்கப் போனபோது ஸ்டெல்லாவின் செருப்பைத்தான் பார்த்தேன். நீல வார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

பெனிட்டா நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் படித்த பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன், நம் சபை, ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. ஊர்தான் அந்தமான்.

“தீவா?” என்றாள் ஸ்டெல்லா. “கடலுக்கு நடுவுலியா? நசரத்பேட்டையில எத்தினி பையன் கீறான், உனுக்கு தண்ணிக்கு நடுவுல கீறவன்தான் கெடச்சானா?”

ஒரு மாதம் அழுகை, சண்டை, பட்டினி. கடைசியில் ஸ்டெல்லா ஒரு தீர்ப்பு சொன்னாள். நேரில் போய்ப் பார்ப்போம். ஊரோ வீடோ ஆட்களோ எதுவாவது ஒன்று சரியில்லை என்று தோன்றினாலும் அத்தோடு சரி, இந்தப் பேச்சை மறுபடி யாரும் எடுக்கக் கூடாது.

அன்று மாலை பெனிட்டா என்னிடம் தனியாக வந்தாள்.

“அப்பா, நீ ஒண்ணும் பேச வேணாம். சொதப்பாம இருந்தா போதும்.”

அவ்வளவுதான் கேட்டாள். இருபத்தாறு வருஷத்தில் என் மகள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பையனின் அப்பா சூசைநாதன் போன் செய்தார். முப்பது வருஷமாகப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலை. குரல் தேன் மாதிரி இருக்கும். (அந்தத் தேனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

“சனிக்கிழமை வீடு பாருங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ரெண்டு குடும்பமும் எங்கயாவது வெளிய போயிட்டு வருவோம். எங்க போலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

“ஐயோ, உங்க ஊரு, நீங்க சொல்லுங்க.”

“சேச்சே, பொண்ணு வீட்டுக்காரங்க ஆசைப்பட்ட இடம்தான். உங்க இஷ்டம்.”

“உங்க இஷ்டம்.”

“உங்க இஷ்டம்.”

இப்படி எட்டு முறை. கடைசியில் போன் சார்ஜ் தீர்ந்ததால் என் இஷ்டம் ஆனது.

நான் ஒரு கணக்குப் போட்டேன். ஹோட்டலில் உட்கார்ந்தால் எதிரெதிரே உட்கார வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும். பூங்காவிலும் அப்படித்தான். ஆனால் நடந்தால்? ஒருத்தர் பின்னால் ஒருத்தர் போகலாம். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தால் போதும். அழகான இடமாக இருந்தால் “ஆஹா” என்ற ஒரு வார்த்தையிலேயே நாளை ஓட்டிவிடலாம். அந்தமானில் கடலோரமாக நடைபாதைகள் இருக்கின்றன என்று என் மைத்துனன் ரீகன் சொன்னான். ஸ்டெல்லாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, இங்கிலீஷ் தெரியும் என்பது அவனே பரப்பிய வதந்தி.

இரண்டு மாதம் தேடினேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. காலையில் வால்வைத் திறந்துவிட்டு, குழாயடிக் கல்லில் உட்கார்ந்து போனில் படம் படமாகத் தள்ளுவேன். எந்தத் தடத்தில் எத்தனை படி, எங்கே நிழல், எங்கே உட்காரலாம் என்று ஒரு நோட்டில் குறித்தேன். கடைசியில் மூன்று தடங்கள் நின்றன.

முதலாவது காட்டுக்குள் ஏறி ஒரு கலங்கரை விளக்கத்தில் முடிவது. மேலிருந்து பார்த்தால் கடல் மயில் கழுத்து நிறம். மூச்சே நின்றுவிடும் அழகு. ஆனால் முன்னூறு படி ஏறினால் ஸ்டெல்லாவின் மூட்டும் நின்றுவிடும். அடித்தேன். இரண்டாவது, வேர்கள் தண்ணீருக்குள் நிற்கும் காட்டில் மரப்பலகை போட்ட பாதை. குளுகுளுவென்று இருந்தது. ஒன்பதாவது படத்தில் ஒரு போர்டு. போர்டில் முதலை. முதலை இருக்கும் இடத்துக்குச் சம்பந்தியைக் கூட்டிப்போக முடியுமா? அடித்தேன். மூன்றாவதுதான் அது. அதன் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் நாலு முட்டாள்கள் போவார்கள்.

அந்த மூன்றாவது தடம் சமதளம். ஒரு பக்கம் அடர்ந்த காடு, ஒரு பக்கம் கடல், நடுவில் கல்யாண மண்டபத்துக் கம்பளம் மாதிரி வெள்ளை மணல். ஒரு மூக்குப் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் குட்டியாக ஒரு வளைகுடா. படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருவன் தமிழிலேயே எழுதியிருந்தான்: “செம்ம ஈஸி. குழந்தைகளும் நடக்கலாம்.” தம்பி, நீ எந்த ஊராக இருந்தாலும் சரி, உன் வீட்டுக் குழாயில் காற்றுதான் வர வேண்டும்.

அதற்குக் கீழே இங்கிலீஷில் நீளமாக ஒரு பெரிய பத்தி இருந்தது. ரீகனிடம் காட்டினேன்.

“இன்னா எழுதிகீது?”

அவன் முதல் இரண்டு வரியைப் பார்த்தான். “பியூட்டிஃபுல்னு போட்டுகீது மாமா.”

“அப்புறம்? இம்மாம் நீளம் கீதே?”

“இங்கிலீஷ்காரன் நீளமா எழுதினாலே நல்லாகீதுன்னுதான் அர்த்தம். நல்லா இல்லன்னா ரெண்டு வார்த்தைல திட்டிட்டுப் போயிருப்பான்.”

அந்தப் பத்தியின் மூன்றாவது வரியிலிருந்து கடைசி வரி வரை, எந்த நேரத்தில் போனால் திரும்பி வர முடியாது என்பதுதான் இருந்தது. இதைப் பெனிட்டா எனக்குப் பிறகு படித்துக் காட்டினாள். அப்போது நான் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

என் தயாரிப்பில் குறை சொல்ல முடியாது. ஸ்டெல்லாவை தினமும் ஏரி நடைபாதையில் மூன்று சுற்று நடக்கவைத்துப் பழக்கினேன். போய்வர எத்தனை நேரம், எத்தனை பாட்டில் தண்ணீர் என்று எழுதிவைத்தேன். குடிக்கிற தண்ணீரைக் கணக்குப் போட்டவன், ஆளை முழுங்குகிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விமானத்தில் போனோம். அது தனிக் கூத்து, விடுங்கள். சனிக்கிழமை வீடு பார்த்தோம். சுத்தமான வீடு, அமைதியான பையன். சூசைநாதனின் மனைவி வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தார். வாசலிலேயே எனக்கு நாக்கு ஊறியது. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டார் பையன் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும். ஸ்டெல்லா ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் இருந்தேன். அந்த மாதத்து எல்லாப் புனிதர்களின் திருநாளும் எனக்கு மனப்பாடம் ஆனது.

மறுநாள் பூசை முடிந்து பத்து மணிக்குத் தடத்தில் இறங்கினோம். ரீகனோடு சேர்த்து நாங்கள் நாலு பேர், அவர்கள் மூன்று பேர். சம்பந்தியம்மா கையில் அஞ்சடுக்கு டிபன் கேரியர். மறுபடியும் ஒன்று சொல்கிறேன், இடம் அழகுதான். மரங்கள் மணல் மேல் குனிந்து நின்றன. தண்ணீர் கண்ணாடி. சிப்பிகள் பட்டன் மாதிரி சிதறிக் கிடந்தன. நான் எல்லாருக்கும் பின்னால் நடந்தேன். என் திட்டப்படியே முதுகுகள். நாலு முறை “ஆஹா” சொன்னேன். ஸ்டெல்லாவே திரும்பிப் பார்த்து, “பரவால்லயே, நல்லாத்தான் எடம் புடிச்சிகிற” என்றாள். கல்யாணமாகி வந்த முதல் பாராட்டு. அங்கேயே செத்துப் போயிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

மூக்குப் பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தக் குட்டி வளைகுடாவில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் சூசைநாதன் எழுந்து, “கெளம்பலாங்களா?” என்றார்.

அவருக்குக் கால் வலி போல, இல்லை எனக்குச் சலிக்குமே என்று அவசரப்படுகிறார் போல என்று நினைத்து, “இருக்கட்டுங்க, உக்காருங்க” என்றேன். நானாகச் சொன்ன வார்த்தை என்று எனக்கே பெருமை.

அரை மணி கழித்து மறுபடி, “கெளம்பலாங்களா?”

“இருக்கட்டுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், புன்னகைத்தார், உட்கார்ந்தார். அந்தப் புன்னகையை நான் மறக்கமாட்டேன்.

பிறகு பெனிட்டாதான் சொன்னாள். “அப்பா, நம்ம வந்த வழி எங்க?”

திரும்பினேன். மூக்குப் பாறையின் அடியில், நாங்கள் நடந்து வந்த கம்பளம் இருந்த இடத்தில், கடல் இருந்தது. அலை பாறையில் அறைந்து வெள்ளையாகச் சிதறியது. உட்கார்ந்திருந்த மணலும் பாதி காணோம். என் நோட்டு இருந்த பை மிதந்துகொண்டிருந்தது. பின்னால் காடு சுவர் மாதிரி செங்குத்து. மீதி இருந்தது ஒரு தட்டைப் பாறை. ஏழு பேரும் அதில் ஏறினோம். (நான் ஏறியது ரீகன் முதுகு வழியாக. அந்த இரண்டு நிமிஷம்.) பெனிட்டா கடைசியில் ஏறினாள். ஏறுவதற்குள் ஒரு அலை முழங்கால் வரை அடித்து அவளைத் தடுமாறவைத்தது. பையன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். போனில் சிக்னல் இல்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தீர்ப்பு எழுதி முடித்து முத்திரையும் குத்தியிருந்தது.

அப்போது சூசைநாதன், அதே தேன் குரலில், சாவகாசமாகச் சொன்னார்: “பயப்படாதீங்க. ரெண்டரை வரைக்கும் ஏறும். அப்புறம் வத்த ஆரம்பிச்சிடும். அஞ்சு மணிக்குள்ள போயிடலாம்.”

“உங்களுக்கு எப்டித் தெரியும்?” என்றான் ரீகன்.

“முப்பது வருஷமா படகுத்துறையில நிக்கிறேனே தம்பி. கடல் ஏர்ற நேரம் தெரியாமலா? காலைலயே தெரியும்.”

“காலைலயே தெரியுமா?” இது நான்.

“ரெண்டு மாசம் ஆசையாத் தேடிப் பாத்து எடுத்த இடம். வேணாம்னு சொன்னா மொத நாளே மதிக்கலன்னு நெனச்சிப்பீங்களேன்னு…”

எனக்குள் ஒரு வால்வு இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. நாற்பத்தொன்பது வருஷமாகத் திருகி வைத்திருந்த வால்வு.

“யோவ்!” என்றேன்.

பெண்ணின் அப்பா, பையனின் அப்பாவை, கல்யாணம் பேசப் போன இடத்தில், “யோவ்.”

“தெரியும்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த? மருவாதியா? மருவாதிய வச்சிகினு இன்னா பண்றது, பாறைல காயவைக்கறதா? எம் பொண்ணு கால் வழுக்கிப் போயிருந்தா உன் மருவாதி போய் இட்டுகினு வருமா? கடல் வரும்யான்னு சொல்ல ரெண்டு செகண்டு ஆவுமா? எங்க காலனில ஒரு வாளித் தண்ணி வர்றதுக்கே நான் முன்னாடியே போர்டுல எழுதிப் போடுறேன்யா! இம்மாம் பெரிய கடல் வருது, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

சூசைநாதன் மெல்ல உட்கார்ந்தார். பெனிட்டா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சொதப்பாம இருந்தா போதும் என்று கேட்ட பிள்ளை. அவள் கேட்ட ஒன்றையும் நான் கெடுத்துவிட்டேன். ரீகன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். சிக்னல் தேடுகிறான் என்று நினைத்தேன். படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான், படுபாவி.

முதலில் சத்தம் வந்தது சம்பந்தியம்மாவிடமிருந்து.

“அப்பாடா,” என்றார். “பேசுறாரே!”

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“ரெண்டு நாளா ஒரு வார்த்தை பேசல. எங்க மூஞ்சப் பாக்கல. வீட்டுல காலண்டரையே மொறைச்சிக்கிட்டு இருந்தாரு. பையனப் புடிக்கல, மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம சும்மா சுத்திப் பாத்துட்டுப் போறாங்கன்னு இவரு நேத்துப் பூரா தூங்கவே இல்ல. அதனாலதான் நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாரு.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பொண்ணு முழங்கால் நனைஞ்சதுக்கே இந்தக் கத்து கத்துறீங்க. வேண்டா வெறுப்பா வந்தவரு இப்பிடிக் கத்த மாட்டாரு.”

நான் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். ஒன்று அறுந்துபோயிருந்தது.

சூசைநாதன் எழுந்து வந்தார். “தப்பு என்னுதுதான் சம்பந்தி,” என்றார். முதல் முறையாக ‘சம்பந்தி’ என்ற வார்த்தை. “இனிமே கடல் எப்ப வரும்னு ஒருநாள்கூடச் சொல்லாம இருக்க மாட்டேன்.”

அவர் சொன்னதைச் செய்வார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மணி ஒன்று ஆனது, ஒன்றரை ஆனது. நாங்கள் கொண்டுபோன பிஸ்கட்டை ரீகன் வழியிலேயே முடித்திருந்தான். சம்பந்தியம்மா டிபன் கேரியரைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவையே பார்த்தார். அவருக்கும் வழக்கம் தெரியும். ஸ்டெல்லா கடலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவள் கையை அந்தப் பையன் இன்னும் விடவில்லை. அதையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “உனுக்குச் சம்மதமா?” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லு. அதான் நல்லாத் தொறக்குதே.”

“சம்மதம்,” என்றேன்.

ஸ்டெல்லா தட்டை நீட்டினாள். புளிசாதமும் மீன் வறுவலும். அதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அஞ்சு மணிக்குத் தண்ணீர் வற்றியதும், இடுப்பு ஈரத்தோடு இருட்டுவதற்குள் வெளியே வந்தோம். அங்கே சூரியன் நம் ஊருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடும். அதையும் யாரும் சொல்லவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும், புடவையோ பஸ்ஸோ சவரக்கத்தியோ, “தண்ணி எப்ப வரும்னு பாத்துட்டியா?” என்று ஒருத்தர் கேட்பார், மீதிப் பேர் சிரிப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சூசைநாதன் என் பேரனை என் எதிரில் தூக்கிப் பிடித்து, “தாத்தாவ எப்டிக் கூப்புடணும்? சொல்லு, யோவ்!” என்றார். பல் முளைக்காத குழந்தைக்கு இதுதான் கற்றுத்தரும் பாடம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவர் பாறையில் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார். மூன்று வருஷமாக, விடிந்ததும் போனில் அவர் குரல்: “சம்பந்தி, இன்னைக்குக் கடல் ஏர்ற நேரம்…” நான் பருத்திப்பட்டில் இருக்கிறேன். எனக்கு எதற்கு? வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். ஒருநாள் காதில் விழுந்த அதே வேகத்தில் போய்க் கரும்பலகையில் அந்த நேரத்தை எழுதிவிட்டேன். மூன்று தெருப் பெண்கள் குடத்தோடு காத்திருந்து, அந்தமான் கடலுக்காக என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

நேற்றுக் காலை போன் வரவில்லை. நல்லது, ஒழிந்தது என்று வால்வைத் திறக்கப் போனேன். முதல் தெருவில் ஒருமுறை போனைப் பார்த்தேன். இரண்டாவது தெருவில் இரண்டு முறை. மூன்றாவது தெருவில் சாவியைக் கீழே போட்டுவிட்டு நானே கூப்பிட்டேன்.

“யோவ், இன்னா ஆச்சு? ஏன் சொல்லல?”

“வண்டலூர் வந்திருக்கோம் சம்பந்தி, புலி பாக்க. ஒரு வாரமா உங்க ஊர்லதான இருக்கேன்? எழுதிக்கிட்டு வந்த நேரமெல்லாம் நேத்தோட தீந்துபோச்சு. இங்க என்ன கடலா இருக்கு?”

மறந்தே போயிருந்தேன். ஞானஸ்நானத்துக்கு வந்தவர் இன்னும் ரீகன் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்.

“அதுக்கு? அங்க கடல் ஏறாம இருக்குமா? கேட்டுச் சொல்லு,” என்று போனை வைத்தேன். இன்று காலை கேட்டுச் சொன்னார். பதினொன்று நாற்பது. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

பருத்திப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 13, 2025.